தொழில் பயணமும் சக வியாபாரிகளின் பேச்சும்: வடசென்னையில் தொழில் செய்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாரிமுனையிலும் சௌகார்பேட்டையிலும் மொத்த வியாபாரம் செய்பவர்கள், பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருப்பவர்கள், வியாசர்பாடியிலும் மாதவரத்திலும் பட்டறை நடத்துபவர்கள் எனப் பலர் சரக்கு வாங்கவோ பாக்கி வசூலிக்கவோ அடிக்கடி வெளியூர் செல்கிறார்கள். அந்தப் பயணங்களில் சந்திக்கும் பிற தொழில்காரர்களிடம் பேசிக் கற்பது பற்றி, புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் குழாய், வால்வு சாமான்கள் விற்கும் தொழிலில் இருப்பவன்.

விலைப்பட்டியலும் படமும் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகின்றன. நேரில் பேசிக் கற்பதற்கு இன்னும் என்ன இருக்கிறது?

விலை, அளவு, மாதிரிப் படம் ஆகியவற்றுக்காக இனி யாரும் பயணம் செய்ய வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு வேலை எப்படி நடக்கிறது, அது எந்த இடத்தில் தடுமாறுகிறது, தடுமாறும்போது அனுபவமுள்ளவர் என்ன செய்கிறார் என்பவை எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. அவற்றை யாரும் உட்கார்ந்து எழுதி அனுப்புவதும் இல்லை. எதிரில் இருப்பவர் நம் தொழிலைப் புரிந்துகொண்டு, நமக்கு எது பயன்படும் என்று அவரே தேர்ந்து சொல்லும்போதுதான் அவை வெளியே வருகின்றன.

ஒரு எடுத்துக்காட்டு. திருப்பூரில் கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகள் பற்றிய வழக்கில், 2011 ஜனவரியில் அவற்றை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பட்டறைகள் மூடப்பட்ட செய்தியை எல்லோரும் நாளிதழில் படித்தார்கள். ஆனால் துணியை அதன்பின் எந்த ஊருக்குச் சாயமேற்ற அனுப்புகிறார்கள், வண்ணம் முன்போல ஒரே சீராக வருகிறதா, எந்த வகை பனியன் துணிக்குத் தட்டுப்பாடு வரும் என்பதையெல்லாம் அங்கே தொழில் செய்பவரிடம் பேசினால்தான் அறிய முடியும். எம்.சி. ரோட்டுக் கடைக்காரருக்குத் தீபாவளிக் கொள்முதலை முடிவு செய்ய வேண்டிய தகவல் இந்த இரண்டாவது வகைதான்.

யாரிடம் பேசினால் அதிகம் கற்கலாம்?

நம் தொழிலையே வேறு ஊரில் செய்பவரிடம் என்பது என் உறுதியான கருத்து. நம் வாடிக்கையாளரை அவர் எடுத்துக்கொள்ள முடியாது, அவருடையவரை நாமும் எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் இருவருமே தயக்கமின்றிப் பேச முடிகிறது. செம்புதாஸ் தெருவில் பக்கத்துக் கடைக்காரர் வருடக்கணக்கில் சொல்லாத ஒன்றை, கோவையில் அதே சாமானை விற்பவர் ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடுவார். சொல்லாத பக்கத்துக் கடைக்காரரைக் குறை கூறவும் முடியாது. அவருடைய பிழைப்பு அதில் இருக்கிறது.

அடுத்த இடம், நம் தொழிலோடு ஒரு முனையில் மட்டும் தொட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு. ஆண்டர்சன் தெருவில் காகிதம் விற்பவருக்குச் சிவகாசி காலண்டர் அச்சகத்தார் அப்படிப்பட்டவர். சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை ஆடிப்பெருக்கு நாளில் வெளியிடுவது வழக்கம். ஆர்டர்கள் அதன்பின் வரத் தொடங்கும். இந்த வரிசை தெரிந்தவருக்கு, எந்த மாதத்தில் ஆர்ட் பேப்பர் தேவை கூடும், எந்த மாதத்தில் அச்சகங்களின் பாக்கி வசூலாகும் என்பது புரிந்துவிடும். தண்டையார்பேட்டையில் இனிப்புப் பெட்டி செய்பவரும் இதே அச்சகங்களில்தான் அச்சுக்குக் காத்திருக்கிறார் என்றால், அவர் எப்போது முந்திக்கொள்ள வேண்டும் என்பதும் இதிலிருந்தே தெரியும்.

லாரி ஆபீஸ் கணக்குப்பிள்ளையையும், சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளர்களையும் நான் இந்தப் பட்டியலில் மேலேயே வைப்பேன். எந்த ஊருக்கு இந்த மாதம் கட்டுகள் அதிகம் போகின்றன, யாருடைய சரக்கு திரும்பி வருகிறது, எந்த நிறுவனத்தின் பேக்கிங் பிரிந்துபோகிறது என்பதை அவர்கள் தினமும் கண்ணால் பார்க்கிறார்கள். முதலாளிகள் இவர்களிடம் விசாரிப்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

பேச்சு எங்கே அமைகிறது? எந்தப் பயணம் அதற்கு ஏற்றது?

பகல் நேர ரயில் நல்லது. சென்னை சென்ட்ரலிலிருந்து கோவைக்குச் சேரன், நீலகிரி போன்ற இரவு ரயில்களில் செல்பவர்கள் காட்பாடி வருவதற்குள் படுத்துவிடுகிறார்கள்; அவர்களை எழுப்பி வைத்துப் பேசுவது முறையல்ல. கோவை எக்ஸ்பிரஸ் போன்ற பகல் ரயிலில் சேலம், ஈரோடு, திருப்பூர் என்று தொழில் ஊர்களாகவே வருவதால், ஏறி இறங்குபவர்களில் பலர் ஏதோ ஒரு வியாபாரத்தில் இருப்பவர்களாக அமைகிறார்கள்.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் நம் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தத் திசையில் பெரியமேட்டுத் தோல் வியாபாரிகள் இன்றும் இராணிப்பேட்டைக்கும் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் போய் வருகிறார்கள். வேறு தொழிலில் இருப்பவருக்கும் தோல்காரர்களின் பேச்சு பெரிய பாடம்; ஏற்றுமதிச் சரக்கு நிராகரிக்கப்பட்டால் என்ன செய்வது, கழிவுநீர் விதிமுறைகளுக்குச் செலவிட்டுக்கொண்டே விலையை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்பவற்றில் அவர்களுக்குள்ள பழக்கம் மற்றவர்களுக்கு அரிது.

ரயிலைத் தவிர, லாட்ஜுக்குப் பக்கத்து டிபன் கடை, வங்கி வரிசை, சரக்கு கட்டி முடியும்வரை காத்திருக்கும் கிடங்கு வாசல் ஆகியவை நல்ல இடங்கள். கண்காட்சிகளில், கோவையில் சிறுதொழில் சங்கமான கொடிசியா நடத்தும் இன்டெக் போன்ற இயந்திரக் கண்காட்சிகளுக்குப் போகிறவர்கள், முதல் நாள் கூட்டத்தில் முண்டியடிக்காமல் கடைசி நாள் பிற்பகலில் செல்வது நலம். அப்போது அரங்குகளில் நிற்பவர்களுக்கு நேரம் இருக்கும். விற்பனைப் பேச்சும் ஓய்ந்திருக்கும்.

அறிமுகமில்லாதவரிடம் பேச்சை எப்படித் தொடங்குவது?

முதலில் உங்கள் பெயர், ஊர், தொழில் மூன்றையும் சொல்லிவிடுங்கள். தன்னைப் பற்றிச் சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்பவரை யாரும் நம்புவதில்லை. மரியாதை அழைப்பிலும் கவனம் வேண்டும்: தென்மாவட்ட வியாபாரிகளில் மூத்தவர்களை அண்ணாச்சி என்பது இயல்பாக அமையும், கொங்குப் பகுதியில் ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லிலும் ‘ங்க’ சேர்வது அவர்கள் வழக்கம், நாம் ‘ங்க’ சேர்க்காமல் அண்ணே என்று மட்டும் முடித்தால் அது சற்றுக் கரடுமுரடாக ஒலிக்கும். வயது தெரியாதபோது ‘சார்’ அல்லது ‘ஐயா’ போதும்.

பிறகு விலையை விட்டுவிட்டு வேலையைப் பற்றிக் கேளுங்கள். எனக்கு எப்போதும் பலன் தந்த கேள்வி ஒன்று உண்டு: “உங்க தொழிலுக்குப் புதுசா வர்ற ஆளு முதல் வருஷம் எதுல காசை விடுவாருங்க?” இதற்குப் பதில் சொல்லாதவரை நான் பார்த்ததில்லை. தன் சொந்த நஷ்டத்தை ஒத்துக்கொள்ளாமலேயே அதை முழுவதும் சொல்லிவிட அவருக்கு இது வழி திறக்கிறது. “ரிட்டர்ன் வர்ற சரக்கை என்ன பண்றீங்க?”, “நல்லா வேலை தெரிஞ்ச ஆளு திடீர்னு நின்னுட்டா எப்படிச் சமாளிக்கிறீங்க?” என்பவையும் இதே வகைக் கேள்விகள். கேட்டபின் குறுக்கிடாமல் இருக்க வேண்டும். பதிலின் நடுவில் “எங்க ஊர்லயும் அப்படித்தான்” என்று ஆரம்பித்தால் பேச்சு நம் பக்கம் திரும்பிவிடும். சொல்ல வந்தது அவரிடமே தங்கிவிடும்.

எதைக் கேட்கக் கூடாது?

லாபம் எவ்வளவு, வாடிக்கையாளர் யார், வங்கிக் கடன் எவ்வளவு என்ற மூன்றையும் கேட்கக் கூடாது. இவற்றோடு சட்டம் சார்ந்த ஒன்றும் உண்டு. ஒரே பொருளை விற்பவர்கள் சேர்ந்து, ‘இதற்குக் கீழே விற்க வேண்டாம்’ என்றோ, ‘அந்த ஊரை நீங்கள் பாருங்கள், இந்த ஊரை நான் பார்க்கிறேன்’ என்றோ பேசிக்கொள்வது 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவுக்கு எதிரானது. வாய்ப்பேச்சாக இருந்தாலும் அது உடன்பாடாகவே கருதப்படலாம். அப்படிப் பேச்சு திரும்பினால் எழுந்துவிடுங்கள்.

பதிலுக்கு நாம் என்ன கொடுக்க முடியும்? எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லையே?

வடசென்னையில் தொழில் செய்பவர் இப்படிச் சொல்லவே கூடாது. சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராசர் துறைமுகம், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் என மூன்றும் நம் பக்கத்தில்தான் இருக்கின்றன. நாமக்கல்லிலோ கரூரிலோ முதல்முறையாக இறக்குமதி செய்ய நினைப்பவருக்கு, கன்டெய்னர் கப்பலிலிருந்து இறங்கியபின் என்ன நடக்கும் என்பது பெரும் புதிர். சரக்கு சி.எஃப்.எஸ். எனப்படும் கன்டெய்னர் சரக்குக் கிடங்குக்குப் போவது, ராஜாஜி சாலை சுங்க இல்லத்தில் தாள்கள் நகரும் முறை, இலவச நாட்கள் முடிந்தபின் ஏறும் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம், நல்ல கிளியரிங் ஏஜென்டிடம் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டிய செலவுகள், டிரெய்லர்கள் துறைமுக வாசலில் வரிசையில் நிற்கும் நேரம் ஆகியவை நமக்குத் தெருவில் நடந்தாலே காதில் விழுபவை. அவருக்கு இவை பெரும் பணத்தை மிச்சப்படுத்தும்.

மழையும் அப்படித்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்த பிறகு, கிடங்கில் அடிக்கட்டு எந்த உயரத்தில் இருக்க வேண்டும், எந்தச் சரக்கை ஐப்பசிக்கு முன்பே மாடிக்கு ஏற்ற வேண்டும், காப்பீட்டில் வெள்ளச் சேதம் சேர்ந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என நம்மிடையே உருவான பழக்கங்கள் பல. ஈரம் படாத ஊர்க்காரர்கள் இதை மிகுந்த அக்கறையோடு கேட்கிறார்கள். இப்படி ஒன்றை முதலில் கொடுத்துவிட்டால், பிறகு நாம் கேட்பதற்கு அவர்கள் யோசிப்பதே இல்லை.

கொடுக்கக் கூடாதவை: உங்கள் வாடிக்கையாளர்களின் பெயர், உங்களுக்குச் சரக்கு தருபவர் உங்களுக்கென்று குறைத்துக் கொடுத்த விலை, உங்களிடம் வேலை செய்பவர்களின் சொந்த விஷயங்கள். சொன்னால் நம்பிக்கை வளரும் என்று சிலர் நினைக்கிறார்கள். கேட்பவர் மனதில் ‘நாளை என்னைப் பற்றியும் இப்படித்தான் சொல்வார்’ என்ற எண்ணமே பதிகிறது.

கேட்டதெல்லாம் உண்மை என்று எப்படி நம்புவது?

நம்ப வேண்டாம், சரிபார்க்க வேண்டும். பயணத்தில் கேட்பவற்றை மூன்றாகப் பிரித்து வைத்துக்கொள்வது என் வழக்கம்: பேசியவர் தானே செய்து பார்த்தது, அவர் கண்ணால் கண்டது, அவரும் யாரோ சொல்லிக் கேட்டது. முதல் வகைக்கு மதிப்பு அதிகம். மூன்றாம் வகையை வைத்து ஒரு ரூபாய்கூட முதலீடு செய்யக் கூடாது. எந்த வகை என்று தெரியாவிட்டால், “நீங்களே செஞ்சு பாத்தீங்களா?” என்று பணிவாகக் கேட்டுவிடலாம், அதில் தவறில்லை.

சட்டமும் வரியும் பற்றிய பேச்சில்தான் ஆபத்து அதிகம். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற உட்பிரிவு சேர்க்கப்பட்டு, 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, ‘45 நாள் தாண்டினால் வாங்கியவருக்கு அபராதம்’ என்ற பேச்சு கடைத்தெருவெங்கும் இருந்தது. அதில் உண்மையும் இருந்தது, பிழையும் இருந்தது. குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும் தர வேண்டிய தொகையை உரிய காலத்துக்குள் தராவிட்டால், அந்தத் தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது, பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்க முடியும் என்பதே அந்தப் பிரிவின் பொருள். உரிய காலம் என்பது எழுத்து மூல உடன்பாடு இல்லையென்றால் 15 நாள். உடன்பாடு இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போக முடியாது. இது அபராதம் அல்ல. ஆனால் ஆண்டு இறுதியில் வரிச்சுமை கூடும். தாமதத்துக்கு வட்டி கேட்கும் உரிமை வேறு சட்டத்தில், 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தில் இருக்கிறது. இத்தனை நுணுக்கத்தையும் ரயில் பேச்சில் எதிர்பார்க்க முடியாது. ‘இப்படி ஒன்று வந்திருக்கிறது’ என்று அறிந்துகொள்ள அந்தப் பேச்சு போதும். முடிவெடுக்க ஆடிட்டர் வேண்டும்.

ஆள் பற்றிய சரிபார்ப்பு எளிது. புதிதாக அறிமுகமானவர் சரக்கு தருவதாகச் சொன்னால், அவருடைய ஜி.எஸ்.டி. எண்ணை அரசுத் தளத்தில் போட்டுப் பாருங்கள். பதிவு நடப்பில் இருக்கிறதா, கணக்கு ஒழுங்காகத் தாக்கல் ஆகிறதா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். விற்றவர் கணக்கைத் தாக்கல் செய்யாவிட்டால் நாம் எடுக்க வேண்டிய வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் தொகை) சிக்கிக்கொள்ளும் என்பதால் இது வெறும் சம்பிரதாயம் அல்ல.

குறிப்பு எடுப்பது அவசியமா?

அவசியம். அன்று இரவே எழுதிவிட வேண்டும். எதிரில் இருப்பவர் பேசும்போது நோட்டை எடுத்தால் பேச்சு விறைத்துவிடும். அனுமதியின்றிக் கைபேசியில் பதிவு செய்வது நம்பிக்கை மோசம். எழுதும்போது யார், எந்த ஊர், என்ன சொன்னார், அவர் கண்டதா கேட்டதா என்ற அளவில் இருந்தால் போதும்.

இந்தி சரியாகத் தெரியாது. சூரத், ராஜ்கோட், ஜாம்நகர் போன்ற ஊர்களில் எப்படிப் பேசுவது?

இதில் வடசென்னைக்காரருக்கு உள்ள வசதி மற்றவர்க்குக் குறைவு. சௌகார்பேட்டையில் தலைமுறைகளாக இருக்கும் மார்வாடி, குஜராத்தி வியாபாரிகளில் நமக்குத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். அவர்களுக்கு அந்த ஊர்களில் உறவோ வியாபாரத் தொடர்போ இருக்கும். புறப்படுவதற்கு முன் அவரிடம் சொல்லி, ஒரு தொலைபேசி அறிமுகம் பெற்றுக்கொள்ளுங்கள். அந்த அறிமுகத்துக்குப் பிறகு நம் அரைகுறை இந்தி யாருக்கும் தடையாக இருப்பதில்லை.

ஜாம்நகர் பித்தளைச் சாமான்களுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே பட்டறையைச் சுற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மரை வெட்டும் இடத்திலும் தேய்க்கும் இடத்திலும் நின்று பார்த்தால், இரண்டு வால்வுகளின் விலை ஏன் வேறுபடுகிறது என்பது பாதி பேச்சிலும் மீதி கைச்சாடையிலும் விளங்கிவிடும். சென்ட்ரலிலிருந்து அகமதாபாத் செல்லும் நவஜீவன் எக்ஸ்பிரஸ் ஒரு முழு நாளுக்கும் மேலாக ஓடுகிறது. அதில் அந்த ஊர்க்காரர்கள் நிறையப் பேர் வருவதால், போய்ச் சேர்வதற்கு முன்பே தொழில் சொற்களைக் காதில் வாங்கிக்கொள்ளலாம்.

தொழில் நடத்தும் பெண்களுக்கும் இது பொருந்துமா?

கற்பது பொருந்தும்; இடங்கள்தான் மாற வேண்டியிருக்கிறது. லாட்ஜ் வாசலிலும் லாரி ஆபீஸிலும் ஆண்களுக்கு இயல்பாக அமையும் பேச்சு பெண்களுக்கு அமைவதில்லை என்பதை மறைப்பதில் பயனில்லை. திருவொற்றியூரில் தையல் பிரிவு நடத்தும் பெண்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், பகல் ரயிலின் இருக்கைப் பெட்டி, கண்காட்சி அரங்கு, சரக்கு தருபவரின் அலுவலகம், தொழில்முனைவோர் சங்கங்களின் கூட்டங்கள் ஆகியவை அவர்களுக்கு நன்றாகப் பயன்படுகின்றன. முன்பே நேரம் கேட்டு, இன்ன விஷயம் பற்றி என்று சொல்லிப் போவதும் உதவுகிறது. ஆண் வியாபாரிகளுக்கு நான் சொல்வது ஒன்று: ஒரு பெண் தொழில் பற்றிக் கேட்டால் தொழில் பற்றி மட்டும் பதில் சொல்லுங்கள்; வீட்டில் யார் இருக்கிறார்கள், கடையைக் கணவர் பார்க்கவில்லையா என்று கேட்காதீர்கள். நல்ல பேச்சு பல இடங்களில் அங்கேயே முறிந்துபோகிறது.

நம் தெருவிலேயே போட்டியாக இருப்பவர் அதே ரயிலில் எதிரில் அமர்ந்திருந்தால்?

வணக்கம் சொல்லிப் பேசுங்கள். லாரி வாடகை, வடிகால் வேலைக்காகத் தோண்டிய சாலை, வேலைக்கு ஆள் கிடைக்காதது எனப் பொதுவானவை நிறைய இருக்கின்றன. ஒரு பார்ட்டியின் பாக்கி பற்றிப் பேச்சு வந்தால், உங்களுக்கு நேர்ந்ததற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள். ‘அவன் திவால் ஆகப்போகிறான்’ என்ற ஒரு வாக்கியம் நல்ல நிலையில் இருக்கும் கடையைக்கூட மூட வைத்துவிடும்.

கற்றதைக் கடையில் எப்படிச் செயல்படுத்துவது? ஊருக்கு வந்தால் எல்லாம் மறந்துபோகிறது.

ஊர் திரும்பியதும் எல்லாவற்றையும் மாற்ற முற்படுவதால்தான் எதுவும் மாறுவதில்லை. ஒரு பயணத்திலிருந்து ஒன்றை மட்டும் எடுத்து, ஒரு சரக்கில், ஒரு சீசன் மட்டும் செய்து பாருங்கள். கரூரில் படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்யும் ஒருவர், ஒவ்வொரு ஆர்டருக்கும் இரு தரப்பும் கையெழுத்திட்ட துணித்துண்டை உறையில் போட்டு சீல் வைத்து, பணம் வந்து சேரும்வரை பத்திரப்படுத்துவதாக எனக்குத் தெரிந்த எம்.சி. ரோட்டுக் கடைக்காரரிடம் சொன்னார். இவர் அதைப் பள்ளிச் சீருடைத் துணிக்கு மட்டும் பின்பற்றினார். முன்பெல்லாம் வண்ணம் மாறியிருக்கிறது, மாறவில்லை என்று தொலைபேசியில் நடந்த வாக்குவாதம், இப்போது உறையைப் பிரித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதோடு முடிகிறது. கரூர்க்காரருக்கு அது புதுமையே அல்ல. ஏற்றுமதியில் எல்லோரும் செய்வது. எம்.சி. ரோட்டுக்கு அது புதியது.

செய்து பார்ப்பதற்கு முன் கணக்குப்பிள்ளையிடமும் பட்டறை மேஸ்திரியிடமும் சொல்லுங்கள். இங்கே அது ஏன் நடக்காது என்று அவர்கள் சொல்லும் காரணங்களில் சில சரியானவையாகவே இருக்கும்.

ஒருமுறை சந்தித்தவரோடு தொடர்பை எப்படி வைத்துக்கொள்வது?

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் படம் அனுப்புவது தொடர்பு ஆகாது. அவர் சொன்னதைச் செய்து பார்த்தபின், என்ன ஆயிற்று என்று அழைத்துச் சொல்லுங்கள். பலிக்கவில்லை என்றாலும் சொல்லுங்கள். தான் சொன்னதை ஒருவர் செய்து பார்த்தார் என்பதில் எந்தத் தொழில்காரருக்கும் மகிழ்ச்சி உண்டு. அடுத்த முறை அவரே அழைப்பார். அவர் சென்னைக்கு வரும்போது ஒரு வேளை சாப்பாடும், கோடவுன் தெருவிலோ நைனியப்ப நாயக்கன் தெருவிலோ அவருக்கு வேண்டிய கடையில் ஓர் அறிமுகமும் நம் கடமை.

நான் போவதில்லை, விற்பனை ஆளைத்தான் லைனுக்கு, அதாவது ஊர் ஊராக ஆர்டரும் வசூலும் பார்க்க, அனுப்புகிறேன். அவர் மூலம் கற்க முடியுமா?

முடியும், பல நேரங்களில் முதலாளியைவிட அவர் காதில் அதிகம் விழுகிறது, ஏனெனில் அவரிடம் யாரும் எச்சரிக்கையாகப் பேசுவதில்லை. ஆனால் அவர் திரும்பி வந்ததும் வசூல் எவ்வளவு, ஆர்டர் எவ்வளவு என்று மட்டும் கேட்டு அனுப்பிவிட்டால், மற்றதைச் சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றாது. கணக்கு நோட்டை வாங்குவதற்கு முன், “லைன்ல என்ன பேசிக்கிறாங்க?” என்று உட்கார வைத்துக் கேளுங்கள். அவர் கொண்டுவந்த தகவலால் லாபம் வந்தால், அது அவரால் வந்தது என்று மற்ற ஊழியர்கள் முன்னிலையில் சொல்லி, அதற்கேற்பப் பணமும் கொடுங்கள். பயணப் படியில் டீ, டிபன் செலவுக்குத் தனியாக ஒரு தொகை ஒதுக்கி, அதற்கு பில் கேட்காமல் இருங்கள். ஒருவருக்கு டீ வாங்கிக் கொடுத்துப் பேச வேண்டிய இடத்தில் அவர் தன் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கும் நிலை வரக் கூடாது.